கலக்காத மண்

கரண்டியைத் துடைக்காமல் மண்ணம்மா அடுத்த பெட்டியைத் திறக்க மாட்டார். முதலில் கரண்டியைப் பெட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். பழைய சவரத் தூரிகை ஒன்றால் அதன் குழியைப் பெருக்குவார். பிறகு மேலங்கிப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து முன்னும் பின்னும் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு ஊது ஊதுவார். துணியில் அழுக்குப் பட்ட பக்கத்தை உள்ளே மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே திருப்பிய பிறகுதான் அடுத்த மூடியில் கை வைப்பார். மடிக்க இனி இடமில்லை என்றானால் வேறு துணி. துணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாததால், வீட்டுக்காரருடைய பழைய வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தன.

"என் சட்டை பாதி உலகத்தைத் தொட்டுருச்சு. நான்தான் இன்னும் இந்தத் தெருவைத் தாண்டல" என்பார் வீட்டுக்காரர். அவர் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். காலையில் அவர் டீ போட்டால், மண்ணம்மா ஒரு குவளையில் சர்க்கரை போட்டுவிட்டு, கரண்டியைத் துடைத்துவிட்டுத்தான் இன்னொரு குவளைக்குப் போவார். இரண்டுமே ஒரே பாத்திரத்தில் கொதித்த டீ. "ஏம்மா, உன் டீ என் டீயோட கலந்தா என்ன, சம்பந்தமா முறிஞ்சுடும்?" என்று அவர் கேட்காத நாள் குறைவு.

பெட்டிகளில் இருப்பது மண். உலகத்தில் எங்கெங்கோ குழி வெட்டி, ஒரு சாண் ஆழத்து மண், இரண்டு முழ ஆழத்து மண் என்று தனித்தனியாக எடுத்து, உலர்த்தி, உடைத்து, சலித்து அனுப்பிய மண். மண்ணைப் பற்றிய விவரங்களை எல்லா நாடுகளிலிருந்தும் திரட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காக ஏற்பட்ட மையம் அது. மேல்மாடிகளில் கணினிகளும் வரைபடங்களும். தரைக்குக் கீழே, பாதி ஜன்னல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் நீளமான அறையில், இரும்புத் தட்டுகளில் பெட்டிகள். அந்த அறைக்கு மண்ணம்மா ராணி, தோட்டி, காவல்காரி எல்லாம். முறையான பதவிப் பெயர் ஒன்றும் உண்டு. அது கதவுப் பலகையில் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாவது வரிக்கு ஓடுகிறது. அதனாலேயே யாரும் அதைச் சொல்வதில்லை.

யாராவது யாரையாவது 'மண்ணாங்கட்டி' என்று திட்டினால் அவருக்குக் கோபம் வரும். திட்டு வாங்கியவருக்காக வருகிற கோபம் என்று நினைத்துவிடக் கூடாது, அது கட்டிக்காக வருவது. "கட்டி என்ன சும்மா வந்துடுதா? எத்தனை வேரு, எத்தனை புழு வேலை பாத்திருக்கு அதுல! உன்னால ஒரு கட்டி செய்ய முடியுமா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் விழிப்பார்.

அவரோடு தெருவில் நடந்து போவது பெரும்பாடு. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தால் போதும், கால் நின்றுவிடும். குனிந்து ஒரு பிடி அள்ளி, கைப்பையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டு, உள்ளங்கையில் வைத்துப் பிசைவார். பிசைந்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடா போல வெளியே தள்ளுவார். ஒடியாமல் நீளமாக வந்தால் களிமண் அதிகம். வருவதற்குள் உதிர்ந்தால் மணல். ஒருமுறை திருமணத்துக்குப் போகும் வழியில், நல்ல உடையோடு பள்ளத்தின் ஓரம் குந்திவிட்டார். மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் போலும் என்று வழியில் போன நாலு பேர் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மானம் போகாமலிருக்கச் சற்றுத் தள்ளி நின்று, தானும் தேடுவது போல நடித்தார். பல் டாக்டரின் அறையில் காத்திருக்கும்போது பூந்தொட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்து, "இந்தச் செடிக்கு மூச்சு முட்டுது" என்று டாக்டரிடமே சொன்னவர்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், கூட வேலை பார்த்த ஒருவர் சல்லடையைக் கழுவாமல் அடுத்த மண்ணைச் சலித்துவிட்டார். சுண்ணாம்பு வெளுப்பில் இருந்த மண்ணில் அங்கங்கே சிவப்புப் பொடி கலந்துவிட்டது. மண்ணம்மா அதைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, புருவம் திருத்தும் சாமணத்தால் சிவப்பை ஒவ்வொரு துகளாகப் பொறுக்கினார். நாள் கணக்கில் பொறுக்கினார். கடைசியில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், பெட்டியின் மேல் சிவப்பு மையால் 'கலப்பு உண்டு. நம்ப வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார். ஒரு மண்ணில் இன்னொரு மண் கலந்துவிட்டால் இரண்டு இடமும் பொய்யாகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த அறையில் அவர் செய்துவந்த வேலையை ஒரே வரியில் சொல்வதானால், உலகம் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் ஒருவேளை அறை பிழைத்திருக்கும். ஆனால் அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. இருப்பதையெல்லாம் எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும்.

பெட்டிகளோடு வந்த பழைய தாள்களில் விவரம் இருந்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன நிறம், உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, அன்று அங்கே என்ன விளைந்திருந்தது. தாள் மஞ்சளாகி விளிம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. கேட்டு எழுதுகிறவர்களுக்கு நகல் எடுத்து அனுப்ப வாரக்கணக்காயிற்று. 'இது நமக்கு மட்டும் எதுக்கு?' என்று மண்ணம்மாவே ஆரம்பித்தார். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

ஏற்றியதை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது பல ஊர்கள் கடலுக்குள் கிடந்தன. குழி வெட்டியவர்கள் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை முன்பின்னாக மாற்றி எழுதியிருந்தார்கள். சிலர் கிழக்கை மேற்காகவும் தெற்கை வடக்காகவும் குறித்திருந்தார்கள். சோளம் விளைந்த வயல் நடுக்கடலில் மிதந்தது. மண்ணம்மா ஒவ்வொன்றாகப் பிடித்து, எண்ணைத் திருப்பி, நிலத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் மாலையில் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இன்னைக்கு எந்த ஊரைக் கரையேத்தின?" அவரும் சலிக்காமல் சொல்லுவார். இருவரும் சந்தோஷமாக இருந்த காலம் அது என்று இப்போது தெரிகிறது.

எல்லாம் ஏறி முடிந்ததும் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். யாரும் அனுமதி கேட்க வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கோ வெங்காயம் பயிரிடுகிற ஒரு பெண், தன் நிலத்துப் பக்கத்தில் முன்பு எடுத்த மண்ணில் எந்த ஆழத்தில் உப்பு இருந்தது என்று பார்த்துவிட்டு, கிணற்றை வேறு மூலையில் வெட்டியதாக எழுதியிருந்தார். மண்ணம்மா அந்தக் கடிதத்தை வீட்டுக்காரருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். மூன்றாவது முறை படிக்கும்போது அவர் தூங்கிவிட்டார்.

விவரம் வெளியே போனதும் ஆட்கள் கீழே வருவது நின்றது. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்துகூடப் பையும் கையுமாக வந்து, அந்தப் பாதி ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து, மண்ணைத் தொட்டு, முகர்ந்து, ஈரமாக்கி நிறம் பார்ப்பார்கள். மண்ணம்மா கரண்டியைத் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுப்பார். பிறகு அவர்கள் அவரவர் நாட்டிலிருந்தே எண்களை எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி காலியானது. மண்ணம்மாவுக்கு முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. "பாவம், இனிமே யாரும் ரயில் ஏறி அலைய வேண்டாம்" என்றார்.

இயக்குநர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் வயதில் இளையவர், மண்ணம்மாவைக் கண்டால் எழுந்து நிற்பவர். ஒரு நாள் மேலே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீயும் சொன்னார். டீ சொன்னபோதே இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மேடம், கீழ இருக்கற அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வாடகைக்குப் பணம் இல்ல, கட்டடத்துல பாதியைத் திருப்பிக் கொடுக்கறோம். வேற வழி இல்ல."

"பெட்டிங்க எங்க சார் போகும்?"

இயக்குநர் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "பெட்டிக்கு இடம் இல்ல மேடம். ஆனா நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே. எல்லாமே வெளியில இருக்கு. உலகத்துல யாரு வேணாலும் பாத்துக்கலாம். நீங்கதானே ஏத்துனீங்க?"

மண்ணம்மாவுக்குத் தன் கையாலேயே தன் கண்ணைக் குத்தியது போல இருந்தது.

"சார், அந்த நம்பரெல்லாம் அன்னைக்கு என்ன கேட்டாங்களோ அதுக்கு மட்டும்தான் பதில். உப்பு இருக்கான்னு கேட்டா உப்பு. சுண்ணாம்பான்னு கேட்டா சுண்ணாம்பு. நாளைக்கு ஒருத்தர் புதுசா ஒண்ணு கேட்டா மண்ணுதானே வேணும்? திரும்பப் போயா தோண்ட முடியும்? ஒரு பெட்டியில இருக்கற ஊரு அணைக்கட்டுத் தண்ணிக்கு அடியில போயிடுச்சு. இன்னொண்ணு மேல விமானம் இறங்குது. அந்த ஊருங்களுக்கு மிச்சம் நம்ம பெட்டி மட்டும்தான் சார்."

"ஒத்துக்கறேன் மேடம். ஒரு வார்த்தை தப்பில்ல." இயக்குநர் நிஜமாகவே வருத்தமாக இருந்தார். "ஆனா போன வருஷம் கீழ யாராவது வந்தாங்களா?"

வரவில்லை.

"நீங்க ஓய்வு பெற்ற பிறகு யாரு பாத்துப்பா? உங்க எடத்துக்கு ஆள் கேட்டுக் கேட்டு நானும் ஓஞ்சுட்டேன். கணினி வேலைன்னா வர்றாங்க. பெட்டின்னதும் ஒருத்தரும் வரல. அப்படியே விட்டா எலியும் ஈரமும்தான் பாத்துக்கும்."

மண்ணம்மா ஆறிப்போன டீயை அப்படியே குடித்துவிட்டுக் கீழே வந்தார்.

அதன் பிறகு அவர் எழுதாத இடமில்லை. உலகத்தில் மண் சேர்த்து வைத்திருக்கும் நிலையம் என்று எங்கெல்லாம் கேள்விப்பட்டாரோ அங்கெல்லாம் எழுதினார். இவர் கேட்டது மண்ணுக்கு இடம். வந்ததெல்லாம் தகவலுக்கு நன்றி. உங்கள் விவரங்கள் எங்களுக்கு மிகவும் பயன்படுகின்றன, தொடர்ந்து வெளியிடுங்கள் என்று பாராட்டி எழுதினார்கள். ஒரே ஒரு நிலையத்திலிருந்து நீண்ட பதில் வந்தது. அங்கேயும் இவரைப் போலவே ஒருவர் இருந்தார். 'எங்கள் அறையையும் காலி செய்யச் சொல்கிறார்கள். உங்களிடம் இடம் இருக்குமா என்று கேட்க நானே எழுத இருந்தேன்' என்று முடித்திருந்தார். மண்ணம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போனபோதுதான் மேல்மாடிக்காரர்கள் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. "கட்டிலுக்கு அடியில இடமிருக்கு. அலமாரி மேல இருக்கு. என் சட்டையெல்லாம்தான் நீ எடுத்துட்டியே, அந்தத் தட்டும் காலிதான். கொஞ்சமாவது கொண்டாந்துடு. யாரு கேக்கப் போறாங்க? கேட்டா, என் பொண்டாட்டி வீட்டுலயும் மண்ணை வாரிப் போட்டுட்டான்னு நான் சொல்லிக்கறேன்."

மண்ணம்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் ஒரு சாக்குப் பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் முழுவதும் தட்டுகளுக்கு நடுவே நடந்தார். அணைக்குள் போன ஊரை எடுத்தார். அப்படியானால் ஓடுபாதைக்கு அடியில் போன ஊர்? அதையும் எடுத்தார். அவை போய்விட்டன என்பதால் எடுக்கலாம். இருக்கிற ஊர்கள் நாளைக்குப் போகாது என்று யார் சொன்னது? சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் குழி வெட்டி அனுப்பிய தகர டப்பா ஒன்று இருந்தது. அதை விட முடியுமா? அதற்குப் பக்கத்து டப்பாவை, அதை அனுப்பியவர் யாரென்றே தெரியாது என்பதற்காக விட்டுவிடுவதா? எடுத்ததைத் திரும்ப வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்தார். பத்தைக் காப்பாற்றுவது என்றால் மற்றதையெல்லாம் தன் வாயால் போகச் சொல்வது என்று அவருக்குப் புரிந்தது. சாயங்காலம் சாக்கு காலியாகவே வீட்டுக்கு வந்தது. அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. கட்டிலுக்கு அடியில் வீட்டுக்காரர் பெருக்கித் துடைத்து வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் அழுதார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டிகளை அப்படியே வெளியே கொட்டவும் விதி இடம் தரவில்லை. வேற்று நாட்டு மண்ணில் பயிர் நோயோ பூச்சி முட்டையோ இருக்கலாம். வெளியே விடுவதற்கு முன் உலையில் போட்டுக் கடும் சூட்டில் காய்ச்சி எடுக்க வேண்டும். அந்த உலையை இயக்கத் தெரிந்தவர் அங்கே மண்ணம்மா ஒருவர்தான். இயக்குநர் கேட்கத் தயங்கிக்கொண்டு கதவருகே நின்றார். "வெளி ஆளைக் கூப்பிட்டுக்கலாம் மேடம். நீங்க லீவு எடுத்துக்குங்க."

"வேணாம் சார். அவங்க அவசரத்துல மூடியைக்கூடப் பாக்க மாட்டாங்க" என்றார் மண்ணம்மா.

உலையிலிருந்து கறுப்பு மண் வெளுத்து வந்தது. மஞ்சள் மண் செங்கல் நிறமாக வந்தது. அவர் வாழ்நாளெல்லாம் நிற அட்டையோடு வைத்து ஒப்பிட்ட நிறங்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பொய்யாயின. ஒரு களிமண் பெட்டி அவருக்கு மிகவும் பிடித்தது, அதில் நாடா நீளமாக, பளபளப்பாக வரும். ஆறியதும் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தார். நெளிய மறுத்து உதிர்ந்தது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். ஈர மண்ணுக்கு உள்ள வாசனை இல்லை. இவ்வளவு நாளும் பெட்டிக்குள் ஏதோ உயிர் இருந்தது என்று அவருக்கே அப்போதுதான் உறுதியானது.

கட்டடத்தின் பின்புறம், வண்டி நிறுத்த இடம் வரப்போகிற மூலையில் ஒரு பள்ளம் இருந்தது. அதைத் தூர்க்க எப்படியும் மண் வேண்டும், இதையே போடலாம் என்று முடிவாயிற்று. காய்ச்சிய மண்ணை மறுபடி நிரப்பிய பெட்டிகளைக் காவலாளி கைவண்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். மண்ணம்மா பள்ளத்தின் விளிம்பில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடையை அரை நாள் சாத்திவிட்டு வீட்டுக்காரரும் வந்து, கொஞ்சம் தள்ளி, கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பெட்டியைக் கரண்டியால் வாரி வாரிப் பள்ளத்தில் போட்டார். இறுகிக் கிடந்த மூலைகளைச் சுரண்டி எடுத்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு கரண்டியை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, தூரிகையால் பெருக்கி, துணியால் துடைத்தார். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது பெட்டி. தட்டினார், பெருக்கினார், துடைத்தார். பள்ளத்தில் சிவப்பின் மேல் சாம்பலும் சாம்பலின் மேல் பழுப்பும் சரிந்து, ஒன்றோடொன்று உருண்டு கலந்தன.

அணைக்குள் போன ஊரின் பெட்டி வந்தது. அதை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் திறந்து வாரிப் போட்டார். பொடி லேசானது. அதில் கொஞ்சம் காற்றோடு எழும்பி அவர் மேலங்கியில் படிந்தது.

காவலாளிக்குப் பொறுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வண்டியில் பெட்டி குறையவே இல்லை. "அம்மா, எல்லாம் ஒரே பள்ளத்துக்குத்தானே போகுது. அதை எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் துடைக்கிறீங்க?"

மண்ணம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். கையிலிருந்த துணியில் இனி மடிக்க இடமில்லை. கரண்டியைக் கீழே வைக்காமலேயே, இடது கையை வீட்டுக்காரரை நோக்கி நீட்டினார். அவர் கைப்பையைத் திறந்து, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.